எஸ்எஸ்7 சிக்னலிங்கை ஐபி மேல் ஏற்றுவது: எம்3யூஏ லிங்க் ஒன்றை பைட் பைட்டாகப் பார்ப்போம்

உங்கள் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்து சேர வேண்டுமானால், நீங்கள் இப்போது எந்த எம்எஸ்சியின் (அழைப்புகளை இணைக்கும் சுவிட்ச்) கீழ் இருக்கிறீர்கள் என்று முதலில் எச்எல்ஆரிடம் (சந்தாதாரர் விவரங்கள் இருக்கும் தரவுத்தளம்) கேட்டாக வேண்டும். 2ஜி, 3ஜி நெட்வொர்க்கில் இந்தக் கேள்வி எஸ்எஸ்7 அடுக்கில், அதாவது நெட்வொர்க் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் புரோட்டோகால் அடுக்கில், உச்சியில் உள்ள மேப்பில் போகிறது. மேப்புக்குக் கீழே டிகேப் (கேள்வி-பதிலை ஓர் உரையாடலாகக் கோப்பது), அதற்குக் கீழே எஸ்சிசிபி (முகவரி பார்த்துச் சேர்ப்பது), அடியில் எம்டிபி 3, 2, 1 (செய்தியைச் சுமந்து செல்வது). முன்பெல்லாம் இந்த அடுக்கு முழுவதும் இ1 லைனின் ஒரு டைம்ஸ்லாட்டில், நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஓடியது. இப்போது அந்த இடத்துக்கு ஐபி வந்துவிட்டது. ஆனால் மேப்பும் எஸ்சிசிபியும் மாறவில்லை. மாடியில் குடியிருப்பவருக்குத் தெரியாமல் அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை இது. அதைச் செய்வதுதான் அடாப்டேஷன் லேயர். எம்3யூஏ அவற்றில் ஒன்று.

படி 1: எந்த இடத்தில் வெட்டுவது?

இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப்பின் சிக்ரான் குழு பல வழிகளைத் தந்தது. எம்2பிஏ, எம்2யூஏ இரண்டும் எம்டிபி2 இருந்த இடத்தைப் பிடிக்கின்றன, எம்டிபி3 பிழைத்துக்கொள்கிறது. எம்3யூஏ இன்னும் ஒரு படி மேலே, எம்டிபி3யின் தலைக்கு மேல் வெட்டுகிறது. எஸ்யூஏ எஸ்சிசிபிக்கும் மேல். புதிதாகப் படிப்பவர்கள் எம்3யூஏவில் தொடங்குங்கள். வேலையில் அதிகம் கண்ணில் படப்போவது அதுதான். அதன் விதிகள் 2006இல் வந்த ஆர்எஃப்சி 4666 என்ற தரநிலை ஆவணத்தில் இருக்கின்றன.

படி 2: அடியில் எஸ்சிடிபி

எம்3யூஏ செய்திகளைச் சுமப்பது எஸ்சிடிபி என்ற போக்குவரத்து புரோட்டோகால். வழக்கமான டிசிபி ஏன் வேண்டாம் என்று எல்லோரும் கேட்பார்கள். டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால், அது திரும்பி வரும்வரை பின்னால் வந்த எல்லாமே வரிசையில் காத்து நிற்கும். ஒருவருடைய எஸ்எம்எஸ்ஸுக்காக இன்னொருவருடைய போன் கால் ஏன் தாமதமாக வேண்டும்? எஸ்சிடிபி ஒரே இணைப்புக்குள் தனித்தனி ஸ்ட்ரீம்கள் தருகிறது. ஒன்றில் தடங்கல் வந்தால் மற்றவை நிற்பதில்லை. செய்தியின் தொடக்கமும் முடிவும் கலைவதில்லை. முக்கியமாக, ஒரு முனைக்கு இரண்டு ஐபி முகவரிகள் கொடுக்கலாம். 2000இல் ஆர்எஃப்சி 2960 ஆக வந்தது. இன்று நடப்பில் இருப்பது 2022இன் ஆர்எஃப்சி 9260.

இணைப்பு நான்கு செய்திகளில் எழும்பும்: இனிட், இனிட் ஆக், குக்கி எக்கோ, குக்கி ஆக் (ஆக் என்றால் ஒப்புதல்). எம்3யூஏவின் போர்ட் 2905. இங்கே புதியவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. ஃபயர்வாலில் டிசிபி 2905ஐத் திறந்துவிட்டு, லிங்க் ஏன் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். எஸ்சிடிபி தனி புரோட்டோகால், ஐபி ஹெடரில் அதன் எண் 132. அதைத் தனியாக அனுமதிக்க வேண்டும்.

படி 3: லிங்க்கை எழுப்புவது

எஸ்சிடிபி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். எம்3யூஏ இனிமேல்தான் பேசத் தொடங்கும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து முதல் எம்3யூஏ செய்தியைப் பாருங்கள்:

01 00 03 01 00 00 00 08

முதல் 01 பதிப்பு எண். அடுத்த 00 சும்மா. 03 என்பது செய்தியின் வகுப்பு, 01 அந்த வகுப்புக்குள் அதன் எண். இரண்டும் சேர்ந்தால் "ஏஎஸ்பி அப்", அதாவது "நான் வந்துவிட்டேன்". ஏஎஸ்பி என்பது நம் முனையில் ஓடும் புரோகிராம். கடைசி நான்கு பைட் மொத்த நீளம், இங்கே 8. எதிர்முனை 03 04 என்று பதில் தந்தால், அது ஏஎஸ்பி அப் ஆக். சரி, இப்போது இருவருக்கும் அறிமுகம் ஆகிவிட்டது. ஆனால் டிராஃபிக் வராது. அதற்கு இன்னொன்று போக வேண்டும்:

01 00 04 01 00 00 00 10 00 06 00 08 00 00 00 64

04 01 என்றால் ஏஎஸ்பி ஆக்டிவ். நீளம் ஹெக்ஸில் 10, அதாவது 16 பைட். 00 06 என்ற டேக், எந்த டிராஃபிக் இந்த ஏஎஸ்பிக்கு என்று காட்டும் எண்ணான ரூட்டிங் கான்டெக்ஸ்ட்டைக் குறிக்கிறது. அதன் மதிப்பு ஹெக்ஸில் 64, நமக்கு 100. இந்த எண் இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வகுப்பு 00, எண் 00 கொண்ட எரர் செய்தி வரும். அதில் கோட் ஹெக்ஸில் 19 என்றால் "செல்லாத ரூட்டிங் கான்டெக்ஸ்ட்". எல்லாம் சரியாக இருந்தால் 04 03 ஆக் வரும், கூடவே ஏஎஸ் (ஏஎஸ்பிகளின் குழு) ஆக்டிவ் என்ற நோட்டிஃபை, அதாவது அறிவிப்பு.

படி 4: டேட்டா

டேட்டா செய்தியின் வகுப்பும் எண்ணும் 01 01. உள்ளே 02 10 என்ற டேகையும் அதன் நீளத்தையும் தாண்டினால் இது கிடைக்கும்:

00 00 13 23 00 00 13 25 03 02 00 05

முதல் நான்கு பைட் அனுப்புபவரின் பாயின்ட் கோட், அதாவது எஸ்எஸ்7 நெட்வொர்க்கில் அவருடைய முகவரி. சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூவின் முறையில் இது 14 பிட். 3, 8, 3 என்று பிரித்து எழுதுவார்கள். ஹெக்ஸ் 1323 என்பது 4899. பிரித்தால் 2-100-3: 2 × 2048, 100 × 8, அதோடு 3. கூட்டிப் பாருங்கள், வரும். பெறுபவர் 2-100-5. அடுத்த 03 மேலே இருப்பது எஸ்சிசிபி என்கிறது, 02 தேசிய நெட்வொர்க், 00 முன்னுரிமை, 05 எஸ்எல்எஸ் (எந்த லிங்க்கில் போவது என்று தேர்வதற்கான எண்). பழைய எம்டிபி3 சுமந்த அதே விவரங்கள்தான், பெட்டி மட்டும் வேறு. எஸ்எல்எஸ் மதிப்பை வைத்துத்தான் ஸ்ட்ரீமைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ஸ்ட்ரீம் 0இல் டேட்டா போகக்கூடாது.

படி 5: பாதை அறுந்தால்

தொலைவில் உள்ள எச்எல்ஆர் எட்டாமல் போனால் எதிர்முனை டுனா ("எட்டவில்லை") என்ற செய்தி அனுப்பும். எம்3யூஏ அதை எம்டிபி பாஸ் ("நிறுத்து") ஆக்கி மேலே எஸ்சிசிபிக்குச் சொல்லும். திரும்பக் கிடைத்தால் டாவா. மேலே எம்டிபி ரெஸ்யூம் ("தொடர்"). எஸ்சிசிபிக்குக் காதில் விழுவது பழைய வார்த்தைகள்தான்.

படி 6: டைமர்கள், இதில் அவசரம் வேண்டாம்

என் கணக்கில் லேப் வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். எஸ்சிடிபியின் இயல்பான அமைப்பில் பதிலுக்கான குறைந்தபட்ச காத்திருப்பு 1 நொடி. ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிக்கும். ஒரு பாதைக்கு 5 மறுமுயற்சி. ஆக 1 + 2 + 4 + 8 + 16 + 32, மொத்தம் 63 நொடி கழித்துத்தான் "இந்தப் பாதை செத்துவிட்டது" என்று முடிவெடுக்கும். மேப்பின் குறுகிய டைமரோ 3 முதல் 10 நொடி. இரண்டாவது பாதைக்கு முழுதாக மாறும் முன்பே பல டயலாக்குகள் (மேப் கேள்வி-பதில்கள்) காலாவதியாகியிருக்கும்.

குறைந்தபட்சத்தை 200 மில்லிநொடி, மறுமுயற்சியை 2 என்று வைத்தால் 0.2 + 0.4 + 0.8, அதாவது 1.4 நொடியில் மாறிவிடும். ஆனால் முனைகளுக்கு இடையே போய்வரும் நேரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். சாட்டிலைட் லிங்க்கில் 200 வைத்தால் நல்ல பாதையையும் செத்ததாக எண்ணிவிடும். முழு அசோசியேஷனின் (எஸ்சிடிபி இணைப்பின்) மறுமுயற்சி எல்லை, பாதைகளின் கூட்டுத்தொகையைத் தாண்டக்கூடாது: 2 + 2 என்றால் 4.

மாற்றிய பிறகு ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டாவது ஐபிக்கு டேட்டா தாவவில்லை என்றால் ரூட்டிங் டேபிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். லினக்ஸ், சோர்ஸ் முகவரியை வைத்து ரூட் செய்யச் சொல்லாதவரை, இரண்டு ஐபிக்குமான பாக்கெட்டுகளை ஒரே கேட்வே வழியாகவே அனுப்பிக்கொண்டிருக்கும்.