பழைய பங்களா அருங்காட்சியகத்தில் இன்டர்ன்ஷிப்: கடிதம் முதல் விளக்கப் பலகை வரை

போன வருஷம் நீலகிரியில் ஒரு பழைய பங்களா அருங்காட்சியகத்தில் ஆறு வாரம் இன்டர்ன்ஷிப் செய்தேன். சம்பளம் கிடையாது, சாயங்காலம் டீயும் வர்க்கியும் உண்டு. "இதில் எப்படிச் சேர்வது, போனால் என்ன செய்வது?" என்று ஜூனியர்கள் ஆள் மாற்றி ஆள் ஒரே கேள்வியைக் கேட்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். பயோடேட்டா எழுதத் தெரியும்தானே? அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் கடிதம். "எனக்கு வரலாற்றில் ஆர்வம் அதிகம்" என்று எழுதினால் படிக்கிறவர் கொட்டாவி விடுவார். அந்த வீட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். நான் எழுதியது: "இந்த வீட்டுக்குக் கல் சுமந்தவர்கள் யார்?" துறைத் தலைவர் கையெழுத்து வாங்கி இணைத்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கேட்கவே வேண்டாம். சீசன் கூட்டத்தில் உங்களுக்கு நாற்காலிகூடக் கிடைக்காது. ஊட்டிப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை பிடித்துக்கொள்ளும். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிது. அதைப் பார்த்து மாதத்தை முடிவு செய்யுங்கள்.

கையில் என்ன இருக்கணும். பென்சில், கோடு போட்ட நோட்டு, ஒரு ஸ்கேல். பழைய காகிதத்துக்குப் பக்கத்தில் பேனாவைத் திறக்காதீர்கள். ஸ்கேல் எதற்கு என்றால், பொருளைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் வைத்தால் அளவு தெரியும். லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம் என்பது என் கட்சி. பனி ஈரத்தில் அதைக் காப்பாற்றுவதே தனி வேலை.

தேடல். நான் விழுந்த குழி இதுதான். ஒரு வாரம் முழுக்க ஆர்கைவ் தளத்தில் ஸ்கேன் செய்த பழைய புத்தகங்களைத் தேடினேன். 'நீலகிரி', 'கோத்தகிரி', 'படுகர்' என்று இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடித்தால் 1820, 1830களைச் சேர்ந்தது எதுவும் சிக்கவில்லை. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் காதில் விழுந்ததைக் காகிதத்தில் போட்டவர்கள். நீலகிரி 'நீல்கெர்ரி' ஆகியிருந்தது: 'ஜி'-க்கு அடுத்து 'எச்', இரண்டு 'ஆர்', கடைசியில் 'ஒய்'. கோத்தகிரி 'கோட்டர்கெர்ரி'. படுகர்கள் 'பர்கர்'! அதை வெறுமனே தேடினால் தின்கிற பர்கர் வரும், இலங்கை டச்சு வம்சாவளியினரும் வருவார்கள். கூடவே மலையின் பெயரையும் சேருங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை எழுத்துக்கூட்டல் கிடைக்கிறதோ அத்தனையையும் எழுதிக்கொண்டே வாருங்கள். அந்தப் பக்கம் நிரம்பிய பிறகுதான் எனக்கு வேலை ஓட ஆரம்பித்தது.

வீட்டுக்கும் இதே கதைதான். ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும், அந்தக் காலத்துக் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனின் 'ஸ்டோன் ஹவுஸ்' உள்ளூர் வாயில் 'கல் பங்களா'. ஆகவே பக்கத்து ஹட்டிக்கு (படுகர் ஊருக்கு) போய், "தாத்தா, இந்த வீட்டை உங்க ஆளுங்க என்னன்னு சொல்வாங்க?" என்று கேளுங்கள். பதிவு செய்யலாமா, பெயர் போடலாமா என்று இரண்டுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

எழுதுவது. பலகைக்கு அறுபது சொல்தான் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழாக்கலாம் என்று நினைக்காதீர்கள், தமிழிலேயே தொடங்குங்கள். பயிற்சிக்குக் கன்னேரிமுக்கில் நினைவகமாக இருக்கும் சல்லிவன் பங்களாவை எடுத்துக்கொண்டேன். "1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டினார்" என்று எழுதிக் காட்டினேன். எங்கள் பொறுப்பாளர் அக்கா ஒரு பார்வை பார்த்தார். "அவரா கல்லு தூக்குனாரு?" என்றார். 'கட்டுவித்தார்' என்று திருத்தினேன். இரண்டு எழுத்துதான் கூடியது, ஆனால் என் கேள்விக்கு அந்த வினைச்சொல்லில் இடம் கிடைத்துவிட்டது. எங்கள் பங்களாவில் கல் சுமந்தவர்களின் பெயர் ஆறு வாரத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. பலகையில் அதையே எழுதினேன்: "வேலை செய்தவர்களின் பெயர்கள் நாங்கள் பார்த்த பதிவுகளில் இல்லை." முதலில் இதை வெட்டச் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த வரி தங்கியது, வீட்டுச் சொந்தக்காரரின் வேட்டைப் பெருமைதான் போனது.

பின்சேர்க்கை: "1835-ஐச் சேர்ந்த ஒரு கடிதத்தைக் கோயம்புத்தூர் பதிவுகளில் தேடித் தேடிக் களைத்துவிட்டேன்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மேலே சொல்லாமல் விட்டது என் தப்பு. நீலகிரி 1868-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் கோயம்புத்தூரோடு இருந்தது. ஆனால் 1830 முதல் 1843 வரை மலையின் மேற்குப் பகுதி மலபார் மாவட்டத்தில். தம்பி, மலபார் பதிவுகளில் தேடிப் பாருங்கள்.