ஜான் குவின்சி ஆடம்ஸின் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் முறை

ஜான் குவின்சி ஆடம்ஸின் வாழ்க்கைக் குறிப்பை, அவர் பிறந்த 1767-இலிருந்து தொடங்காமல், அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்து தோற்றவர் 1831-இல் பிரதிநிதிகள் சபைக்குச் சாதாரண உறுப்பினராகச் சென்றதிலிருந்து தொடங்குங்கள். அவருடைய பெருமை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. அடிமைமுறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்கவிடாமல் சபை 1836-இல் விதித்த தடையை, அது 1844-இல் நீக்கப்படும் வரை அவர் விடாமல் எதிர்த்ததை விரிவாக எழுத வேண்டும். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டபோது கிளர்ந்தெழுந்து அமிஸ்டாட் கப்பலைக் கைப்பற்றிய ஆப்பிரிக்கர்களுக்காக 1841-இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியதையும் அதனுடன் இணைக்கலாம்.

தூதர் பணிகளுக்கு ஓரிரு வரிகள் போதும். பன்னிரண்டு வயதில் அவர் தொடங்கிய நாட்குறிப்பு முதன்மைச் சான்று. எனினும் தம்மையே ஓயாமல் கடிந்துகொண்டவரின் எழுத்து அது என்பதால் (எதிரிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை), பிற ஆவணங்களோடு ஒப்பிட்ட பின்னரே அதன் தீர்ப்புகளை ஏற்க வேண்டும்.