பெரட்டலுக்கு எந்த ஒயின்?

சுங்கை சிப்புட்டில் நண்பர்கள் கூடி, ஜெர்மனியின் பழைய ஒயின் தோட்டம் ஒன்றைக் கொண்டாடி விருந்து வைக்கப் போகிறீர்களா? மட்டன் பெரட்டலுக்குச் சிவப்பு ஒயின்தான் சரி என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். அதன் துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாய் எரிச்சலை இன்னும் ஏற்றிவிடும். லேசான இனிப்பும் நல்ல புளிப்பும் உள்ள ரீஸ்லிங் வாங்குங்கள்; அதே பெயருள்ள திராட்சையில் செய்யும் வெள்ளை ஒயின் அது.

நீங்கள் கொண்டாட ஏற்ற ஷ்லாஸ் யோஹானிஸ்பெர்க் தோட்டத்தில் 1720-இலேயே ரீஸ்லிங் கொடிகளைப் பெருமளவில் நட்டார்கள். 1775-இல் அறுவடைக்கு அனுமதி கொண்டுவர வேண்டிய தூதர் தாமதமாக வந்தாராம். அதற்குள் கொடியிலேயே பழுத்து வாடிய திராட்சையில் பிறந்ததுதான் ‘ஸ்பேட்லேஸ’, அதாவது தாமத அறுவடை ஒயின், என்று சொல்வார்கள். தாமதத்திலும் லாபம்! பெரட்டல், இறால் சம்பல் இரண்டுக்கும் அந்த வகைதான் என் தேர்வு. ஆனால் லேபிளைப் பாருங்கள்: ‘ட்ரோக்கன்’ என்றிருந்தால் இனிப்பு தெரியாது. அதைப் பொரித்த மீனோடு முதலில் பரிமாறிவிடுங்கள்.

அப்புறம், வாளியில் வெறும் ஐஸ் போடாமல் பாதிக்குத் தண்ணீரும் ஊற்றுங்கள், பாட்டில் சீக்கிரம் குளிரும். அரை மணி நேரம் போதும். நம் வெக்கைக்குக் கிளாஸில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். ரசம் வரும்போது மட்டும் கிளாஸை ஓரமாக வைத்துவிடுங்கள்; அதற்கு எந்த ஒயினும் சேராது.