கல்லில் ஒரு குன்றும் வானமும்: முதல் ஃப்ளோரன்ஸ் பலகை

வண்ணக் கல் தகடுகளை வெட்டி, இடைவெளி தெரியாமல் இணைத்துப் படமாக்கும் கலைக்குப் பெயர் பெற்றது இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரம். 1588-இல் டஸ்கனியை ஆண்ட முதலாம் ஃபெர்டினாண்டோ தெ மெடிச்சி தொடங்கிய பட்டறைதான் அங்குள்ள ஒபிஃபிச்சோ தெல்லே பியெத்ரே தூரே. அதன் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து, உள்ளங்கை அளவிலாவது ஒரு கல் நிலக்காட்சி செய்துவிட வேண்டும் என்று ஆசை. மூன்றாவது முயற்சியில்தான் கைகூடியது.

வானம், குன்று, வீடு, ஒரு சைப்ரஸ் மரம் போதும். மாதிரிக்கு, பிராகில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபுக்காக கஸ்த்ருச்சி குடும்பத்தார் செய்த பலகைகளைப் பாருங்கள்.

படத்தை இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் வானத்தை மட்டும் வெட்டி எடுத்தால் ஜன்னல் போல ஓட்டை கிடைக்கும். அதை 3 மி.மீ. கல் தகட்டின் மேல் மெல்ல நகர்த்துங்கள். மேகம் போல ரேகை ஓடும் இடத்தில் நிறுத்திக் குறியுங்கள். இங்கே சாயமே கிடையாது, கல்லின் நிறம்தான் ஓவியம். அவசரப்படாதீர்கள், ஒரு வானத்துக்கே எனக்கு ஒரு மாலை போனது. குன்றுக்கு டஸ்கனியின் பியெத்ரா பயெசினா. மலைமுகடும் இடிந்த கோட்டையும் இயற்கையாகவே தெரியும் சுண்ணாம்புக்கல் அது.

இரண்டாவது பிரதியின் துண்டுகளைத் தகட்டில் ஒட்டி, இரும்புக் கம்பி கட்டிய வில் ரம்பத்தால் அறுங்கள். அறுப்பது கம்பியல்ல, அதில் தடவும் எமரித் தூளும் (கல்லைத் தேய்க்கும் கடினமான தாதுத் தூள்) தண்ணீரும்தான். மின்ரம்பம் வேகம்தான், ஆனால் வளைவுகளுக்கு நான் வில்லைத்தான் நம்புவேன். எதுவானாலும் ஈரத்திலேயே அறுங்கள். கல் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஓரத்தைச் செங்குத்தாக அறுத்தேன். அடிப்பக்கம் முட்டிக்கொண்டு, மேலே முடியளவு இடைவெளி நின்றது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ரம்பத்தைச் சற்றே சாய்த்து, அடிப்பக்கம் உள்ளொடுங்கும்படி அறுக்க வேண்டும். அப்போது மேல் விளிம்புகள் ஒன்றையொன்று தொடும், பசைக்கும் கீழே இடம் கிடைக்கும். அப்புறம் விளிம்பை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இணைப்பில் ஒளிக்கீற்று தெரிந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

துண்டுகளைக் கவிழ்த்து அடுக்கி, தேன்மெழுகும் பைன் பிசினும் உருக்கிப் பின்னாலிருந்து ஒட்டுங்கள். எபாக்சி என்ற செயற்கைப் பசை எனக்குப் பிடிக்காது. பிசின் என்றால் சூடு காட்டிப் பிரித்து மறுபடி ஒட்டலாம். பிறகு சிலேட்டுக் கல் முதுகு கொடுத்து, நுண்தூளால் மெருகேற்றுங்கள்.

பின்சேர்க்கை: மெருகேற்றும்போது குன்று மட்டும் பள்ளமாகிறது என்று வாசகர் ஒருவர் எழுதினார். மரத்துக்கு ஜாஸ்பர் என்ற கல்லை வைத்திருக்கிறார். அது பயெசினாவைவிட மிகக் கடினம், அதனால் மென்கல்தான் முதலில் தேயும். முதல் பலகைக்கு ஒரே கடினம் உள்ள கற்களையே எடுங்கள். மரத்துக்கு ஆர்னோப் பச்சைக் கல் பொருந்தும்.