கரகம் ஆடும் தங்கைகளுக்கு: மஞ்சள் பையில் என்னென்ன வைக்க வேண்டும்

பென்னாகரம் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கரகம் ஆடுகிறேன். முட்டி வலியால் இப்போது ஆட்டம் குறைந்துவிட்டது. அதனால் அரசு உதவிக்கான விண்ணப்பத் தாளோடு இளம்பெண்கள் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் உங்கள் பெயரில் வங்கிக் கணக்கு. நான் ஆடத் தொடங்கிய புதிதில் ஓர் அரசு விழாவில் எங்கள் குழு ஆடியது. பணம் குழுத் தலைவர் கணக்கில் விழுந்தது. தவிலுக்கும் நாயனத்துக்கும் பங்கு போனது. மூன்று மாதம் கழித்து எனக்கு வந்தது ஒரு சேலை. அதை நான் இன்றுவரை கட்டவில்லை.

அடுத்தது, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய உறுப்பினர் அட்டை. வாரியம் 2007இல் வந்தது. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் இருப்பவர்கள் சேரலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் அதில் உதவி உண்டு. கணவரிடம் அட்டை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஆடுவது நீங்கள், அட்டையும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது, ஆடியதற்கான சான்றில்தான். தலையில் குடம், உங்கள் முகம், பின்னால் விழாவின் பேனர், மூன்றும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். ஆட்டக்காரியின் பாவாடைச் சுழற்சியை மட்டும் எடுத்துத் தரும் போட்டோக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தப் படம் விண்ணப்பத்துக்கு உதவாது. கோயில் நோட்டீஸில் 'இன்னார் குழுவினரின் கரகாட்டம்' என்று குழுத் தலைவர் பெயரைத்தான் போடுவார்கள். அச்சுக்குப் போகும் முன்பே விழாக் குழுவிடம் சொல்லி உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு வரிதான். ஆனால் பத்து வருடம் கழித்து, நீங்கள் ஆடினீர்கள் என்பதற்கு அந்த வரிதான் சாட்சி.

திருவிழா வருமானம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆடி மாதம் முடிந்தால் அடுத்த பருவம் வரை சோற்றுக்கு வழி என்ன? ஓர் ஆய்வு மாணவி எனக்கு அமெரிக்கக் கறுப்பின நடனக்காரி கேத்தரின் டன்ஹாமைப் பற்றிச் சொன்னார். வேலையில்லாக் கலைஞர்களுக்கு அரசே கூலி கொடுத்த கூட்டாட்சி நாடகத் திட்டத்தில்தான், 1938இல் சிகாகோவில் அவருடைய 'லாக்யா' என்ற நடன நாடகம் மேடையேறியது. நம் நூறு நாள் வேலை போல, கலைக்கு ஒரு வேலைத் திட்டம்! மறு வருடமே அந்த நாட்டு நாடாளுமன்றம் அதை நிறுத்திவிட்டது.

1965இல் அங்கே, கலைக்கு அரசுப் பணம் தரும் தேசியக் கலை நிதியம் வந்தது. ஒரு குழுவுக்கு அரசு ஒரு பங்கு தந்தால் குழுவும் ஒரு பங்கு திரட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. பணக்காரப் புரவலர் இல்லாத கறுப்பினப் பெண்ணுக்கு அந்த மறுபங்கே பெரும்பாடு. 1996இல் அந்த நிதியத்தின் வருடப் பணம் 16.2 கோடி டாலரிலிருந்து 9.95 கோடியாகச் சுருங்கியது. நடனம் அமைக்கும் தனிநபருக்கான உதவியும் நின்றது. பதிவு பெற்ற அமைப்பு வைத்திருந்தவர்களுக்குத்தான் அதன்பின் வழி. இன்னொரு கறுப்பின நடனக்காரி கிளியோ பார்க்கர் ராபின்சன் 1970இலேயே டென்வர் நகரில் தன் குழுவைத் தொடங்கியிருந்தார். 1988இல் அந்த ஊர் மக்கள், பத்து டாலருக்கு வாங்கினால் ஒரு சென்ட் கலைக்கும் அறிவியலுக்கும் என்று வரி போட வாக்களித்தார்கள். அந்தப் பணம் அவர் குழுவுக்கும் போகிறது. இதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே குழுவைச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். குறைந்தது ஏழு பேர் வேண்டும். நான்கு பேராவது பெண்களாக இருக்கட்டும். பொருளாளர் கட்டாயம் ஒரு பெண்ணாக இருக்கட்டும். 18 முதல் 25 வயதுக்குள் இருந்தால், மத்திய பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகையையும் கேளுங்கள். மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு.

நமக்கான கலை பண்பாட்டு மண்டல அலுவலகம் சேலத்தில் இருக்கிறது. தருமபுரியில் பஸ் ஏறும் முன்பே எல்லாத் தாளையும் இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். தொப்பூர் கணவாய் தாண்டிய பிறகு ஒரு தாள் குறைவது தெரிந்தால் அன்றைய கூலி போயிற்று. விண்ணப்பத்தைக் கொடுத்ததும், தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி அதே மஞ்சள் பைக்குள் வையுங்கள்.