ரீரெய்ஸ் வந்தால் பாக்கி நோட்டைப் புரட்டுவேன்

மன்னார்குடியில் எனக்கு உரக்கடை. கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் போனில் போக்கர். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு தடைச்சட்டம் கொண்டுவந்ததிலிருந்து இலவச சில்லு மேசைதான். காசு போனதே தவிர ரோஷம் போகவில்லை.

மேட்டூர் தண்ணீர் கடைமடைக்கு வந்த வாரம். டிஏபி மூட்டை கேட்டு வந்தவர்கள் எல்லோரிடமும் 'நாளைக்கு வாங்க' என்று சொல்லியே தொண்டை கட்டிவிட்டது. சீட்டு பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்தான் பிளைண்டு: பெரியது (பிக்) 1, சின்னது (ஸ்மால்) அரை; கீழே எல்லா எண்ணும் பிக் பிளைண்டு கணக்கில். அன்று இரவு பட்டன் என்கிற இருக்கையில் உட்கார்ந்து ஏஸ்-ஜாக்கியோடு பந்தயத்தை 3 பிளைண்டாக ஏற்றினேன். பிக் பிளைண்டில் இருந்தவன் திருப்பி ஏற்றி 9 ஆக்கினான், அதுதான் ரீரெய்ஸ். அந்த இரவில் மூன்றாவது தடவை. நான் என்ன இளிச்சவாயனா என்று கால் செய்தேன், அதாவது அவன் அளவுக்குப் போட்டேன். ஃப்ளாப்பில், அதாவது மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டில், ஏஸ் விழுந்தது, என் நூறு பிளைண்டும் போனது. அவனிடம் ஏஸ்-ராஜா.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மேசையில் என் 3, அவன் 9, ஸ்மால் பிளைண்டு விட்டுப்போன அரை: மொத்தம் 12.5. நான் போட வேண்டியது 6. போட்டால் 18.5. ஆக, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஜெயித்தாலே கால் தாங்கும். அவன் பக்கம் பாருங்கள். மேசையில் கிடந்த 4.5-ஐ (என் 3, அவன் கட்டாயமாக வைத்த 1, அந்த அரை) தூக்க இன்னும் 8 போட்டிருக்கிறான். நூற்றுக்கு 64 தடவைக்கு மேல் நான் ஃபோல்டு செய்தால் (சீட்டைக் கீழே போட்டு விலகினால்), கையில் குப்பை இருந்தாலும் அவனுக்கு லாபம். அதனால் பயந்து எல்லாவற்றையும் கீழே போடவும் முடியாது.

பட்டனில் இருந்தால் ஃப்ளாப்பிலிருந்து கடைசியாகப் பேசும் வசதி நமக்கு. அப்போது 9 முதல் ஜாக்கி வரை ஜோடிகள், ஒரே இனத்து ராஜா-ராணி, ஜாக்கி-பத்து இவற்றோடு கால் செய்கிறேன். வேறு வேறு இனத்து ஏஸ்-9, ராஜா-ஜாக்கி ஃபோல்டு. சின்ன ஜோடிக்கு ஃப்ளாப்பில் மூன்றாவது சீட்டு சேருவது எட்டரைக்கு ஒரு தடவைதான். இருவரிடமும் நூறு பிளைண்டு இருந்தால் பார்க்கலாம், நாற்பதுதான் என்றால் வேண்டாம். முதல் இருக்கையிலிருந்து ஏற்றி, பட்டன்காரன் திருப்பி ஏற்றினால் பாதிக்கு மேல் விட்டுவிடுகிறேன். அங்கே வீரம் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை.

ராணி ஜோடியோ, அதற்கு மேலான ஜோடியோ, ஏஸ்-ராஜாவோ வந்தால் நானும் திருப்பி ஏற்றுவேன், 21 அல்லது 22-க்கு. அதோடு எப்போதாவது ஒரே இனத்து ஏஸ்-5. சிரிக்காதீர்கள், காரணம் உண்டு. அவனுக்கு ஏஸ் ஜோடி அமைய ஆறு வழி. ஒரு ஏஸ் என் கையில் இருந்தால் மூன்றே வழி. ஏஸ்-ராஜாவும் பதினாறிலிருந்து பன்னிரண்டாகக் குறையும். அதற்கும் மேல் அவன் சில்லு எல்லாவற்றையும் தள்ளினால் இந்த ஏஸ்-5 பேசாமல் ஃபோல்டு. ஆனால் இலவச மேசையில் யாரும் லேசில் விடமாட்டார்கள். அங்கே இந்தப் பொய் ஏற்றம் பெரும்பாலும் வீண். நல்ல சீட்டுக்கு மட்டும் ஏற்றுங்கள்.

இதெல்லாம் எதிராளி யார் என்று தெரிந்த பிறகுதான். அதற்குத்தான் பாக்கி நோட்டின் பின்பக்கம். எதிராளியின் பெயர், திருப்பி ஏற்ற வாய்ப்பு எத்தனை தடவை வந்தது, எத்தனை தடவை ஏற்றினான், கடைசியில் காட்டிய சீட்டு என்ன. முப்பது நாற்பது வாய்ப்பு பார்க்காமல் யாரையும் முரடன் என்று முடிவு கட்டுவதில்லை. முன்பக்கத்தில் எழுதும் கடன்காரர்களுக்கும் இதே விதிதான் வைத்திருக்கிறேன்.

என் நூறு பிளைண்டைக் கொண்டுபோனவனையும் ஒரு மாதம் குறித்து வந்தேன். 44 வாய்ப்பில் 4 தடவைதான் ஏற்றியிருந்தான். அந்த இரவில் அவனுக்கு நல்ல சீட்டாக வந்து விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். இப்போது அவன் ஏற்றினால் ஏஸ்-ஜாக்கியைக் கீழே போட்டுவிட்டு மோர் குடிக்கப் போய்விடுகிறேன்.