ஷாங்ஹாயில் முதல் சனி, ஞாயிறு: வேலையாகப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்து வேலையாக ஷாங்ஹாய்க்குப் போகிறவர்களில் பலர் அந்த ஊரைப் பார்ப்பதே இல்லை. விமான நிலையம், தொழிற்சாலை, ஹோட்டல், இரவு விருந்து. சனிக்கிழமை வந்தால் அசதியில் மதியம் வரை தூக்கம், மாலையில் பக்கத்து மாலில் ஒரு சுற்று, அவ்வளவுதான். இதைக் கேட்டாலே எனக்கு மனசு ஆறாது. நான் ஜூரோங்கில் ஒரு நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வால்வு செய்து கொடுக்கும் தொழிற்சாலைகளைத் தணிக்கை செய்ய அடிக்கடி அங்கே போவேன். எங்கள் பிரிவில் சேர்ந்திருக்கும் ஒரு தம்பி அடுத்த மாதம் முதல்முறையாகப் போகிறார். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்: ஊரின் நடுவே ஓடும் ஹுவாங்பூ ஆற்றுக்கு மேற்கே ஒரு நாள், கிழக்கே ஒரு நாள். முதல் தடவை அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

கிளம்புவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டைக் கவனியுங்கள். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 2024 பிப்ரவரி 9 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் எம்ப்ளாய்மெண்ட் பாஸில் இருப்பவர்களுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அலுவலகத்தில் எல்லோருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிடுவார்கள், விசா கடைசி வாரத்தில்தான் ஞாபகம் வரும். நீங்களே முந்திக்கொண்டு கேளுங்கள்.

அப்புறம் நாள்காட்டி. அக்டோபர் முதல் வாரமும் சீனப் புத்தாண்டும் ஊர் சுற்ற ஏற்ற நேரம் இல்லை. அந்த நீண்ட விடுமுறைகளுக்கு முன்னும் பின்னும் ஒரு சனிக்கிழமையையோ ஞாயிற்றுக்கிழமையையோ ஈடுகட்டும் வேலைநாளாக அறிவிப்பார்கள். நீங்கள் ஊர் பார்க்கத் திட்டம் போட்டிருக்கும் சனிக்கிழமை தொழிற்சாலை முழுவதும் வேலைக்கு வந்திருக்கும், உங்களையும் எதிர்பார்க்கும். எதற்கும் அங்குள்ளவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கைப்பேசி வேலையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கூகல், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் ஹோட்டல் வைஃபையில் வராது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போனால் எல்லாம் வழக்கம்போல ஓடும். பணம் செலுத்த உதவும் அலிபே செயலியில் பாஸ்போர்ட்டைப் பதிந்து, உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை இணையுங்கள். 200 யுவான் வரை கூடுதல் கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் 3 விழுக்காடு. வங்கி உறுதிப்படுத்தக் கேட்கும்போது டோக்கன் வேலை செய்ய வேண்டும், ஆகவே தேக்காவில் காய்கறி வாங்குகிற நேரத்தில் இல்லாமல் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து செய்யுங்கள். சீனர்கள் வாட்ஸ்அப் போலப் பயன்படுத்தும் வீசாட்டில் புதுக் கணக்குத் தொடங்க ஏற்கெனவே அதில் இருப்பவர் ஒருவர் உறுதி சொல்ல வேண்டி வரலாம், சீனச் சக ஊழியரிடம் கேட்டால் மறுக்க மாட்டார். வழி பார்க்க ஆமேப் என்ற சீன வரைபடச் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். கூகல் வரைபடத்தில் சீனத் தெருக்கள் சில நூறு மீட்டர் தள்ளித் தெரியும், அதை நம்பி நடந்தால் தெரு மாறிப் போகும். ஹோட்டல் முகவரியைச் சீன எழுத்தில் படமெடுத்து வையுங்கள். ஐம்பது, நூறு யுவான் நோட்டும் கொஞ்சம் இருக்கட்டும்.

தொழிற்சாலை பெரும்பாலும் ஜியாடிங், சோங்ஜியாங் மாதிரி வெளிப்புறத்தில்தான் இருக்கும். வெள்ளி இரவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மக்கள் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்கு மாறிவிடுவது என் வழக்கம். மெட்ரோவின் 1, 2, 8 ஆகிய மூன்று பாதைகளும் அங்கே சந்திக்கின்றன. மெட்ரோ நம் எம்ஆர்டி போலத்தான், ஆனால் மொத்த நீளம் 800 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு நிலையத்திலும் பையைச் சோதனை இயந்திரத்தில் போட வேண்டும். கட்டணம் 3 யுவானில் தொடங்குகிறது, அலிபேயில் வரும் குறியீட்டைக் காட்டி நுழையலாம்.

சனிக்கிழமை மேற்குக் கரை. காலையில் 10 அல்லது 11ஆம் பாதையில் ஜியாவ்தோங் பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கினால் வூகாங் மாளிகை பக்கத்திலேயே இருக்கிறது. ஹுடெக் என்ற கட்டடக் கலைஞர் 1924ல் கட்டியது, தெருமுனையைப் பிளந்துகொண்டு கப்பலின் மூக்கு மாதிரி நிற்கும். எதிரே படமெடுக்கக் கூட்டம் நிற்கும். நீங்களும் ஒன்று எடுத்துவிட்டு வூகாங் சாலைக்குள் நடங்கள். இரண்டு பக்கமும் பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பகுதியை நிர்வகித்த காலத்து மரங்கள் மேலே கைகோத்திருக்கும், கோடையிலும் நிழல். இந்தப் பகுதியை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். கதவு திறந்திருக்கும் சந்துகளில் மூங்கில் கழியில் துணி காயும், நம் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் நீட்டி வைத்திருப்பதைப் போலவே.

அப்படியே கிழக்கு நோக்கி வந்தால் நான்சாங் சாலையும் தெற்கு மாவ்மிங் சாலையும் சந்திக்கும் இடத்தில் தாகூருக்கு ஒரு மார்பளவுச் சிலை உண்டு. 1924ல் அவர் சீனாவுக்கு வந்தபோது முதலில் இறங்கிய ஊர் இது. அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் நான் வருவதில்லை.

தெருவைக் கடக்கும்போது கவனம். வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, அதனால் முதலில் இடப்பக்கம் பாருங்கள். மின் ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் எந்தப் பக்கமிருந்தும் வரும். பச்சை மனிதன் எரிந்தாலும் வலது பக்கம் திரும்பும் கார்கள் வந்துகொண்டே இருக்கும்.

எனக்குச் சனிக்கிழமை சைவம், புரட்டாசி என்றில்லை, வருடம் முழுக்க. ஷாங்ஹாயில் சைவம் கிடைக்காது என்று சொல்கிறவர்களை நாஞ்சிங் மேற்குச் சாலையில் உள்ள கோங்தெலினுக்குக் கூட்டிப்போக வேண்டும். 1922ல் தொடங்கிய சைவ உணவகம். வெளியே காளானும் கீரையும் வைத்து ஆவியில் வேகவைத்த பாவ் விற்கிறார்கள், அதிலேயே மதியச் சாப்பாடு முடிந்துவிடும். மற்ற கடைகளில் "வோ ச்சி சு" (நான் சைவம்) என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். ஆனால் நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கலாம், அதையும் கேட்டு உறுதி செய்யுங்கள். ஹலால் வேண்டுபவர்களுக்கு லாஞ்சோவ் மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் ஊரெங்கும் உண்டு, பெரும்பாலும் ஹுவே எனப்படும் சீன முஸ்லிம்கள் நடத்துவது. பல கடைகளில் மேசையில் ஒட்டியிருக்கும் குறியீட்டை அலிபேயால் பிடித்துத்தான் ஆர்டர் செய்ய வேண்டும். பட்டியல் முழுவதும் சீனத்தில் வரும். திரையைப் படமெடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஓரளவு தெரிந்துவிடும்.

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் பக்கத்தில் பார்க் ஹோட்டல். இதுவும் ஹுடெக் கட்டியதுதான், 1934ல். அன்றைக்கு ஆசியாவிலேயே உயரமான கட்டடம். அதன் பின்பக்கம் ஹுவாங்ஹே சாலையில் ஹோட்டலின் பேக்கரியில் பட்டாம்பூச்சி வடிவப் பிஸ்கட்டுக்கு வரிசை நிற்கும். அலுவலகத்துக்கு வாங்கிவர இதைவிட நல்ல பண்டம் நான் பார்க்கவில்லை. ஆனால் எளிதில் நொறுங்கும், கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

எதிரே மக்கள் பூங்கா. சனி, ஞாயிறு மதியங்களில் அங்கே ஒரு பக்கம் பிள்ளைகளுக்கு வரன் தேடும் பெற்றோர்கள் விரித்த குடைகளைத் தரையில் வைத்துவிட்டு அருகே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு குடையிலும் ஒரு தாள் கிளிப்பில் மாட்டியிருக்கும். மகள் பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, வேலை, சம்பளம், சொந்த வீடு உண்டா, ஷாங்ஹாய்வாசி என்று அரசு ஏட்டில் குடும்பப் பதிவு உண்டா. எங்கள் வீட்டில் அத்தைமார் மணமகன் தேவை விளம்பரத்துக்கு வரி வரியாக எழுதித் திருத்தியதை அருகிலிருந்து பார்த்தவள் நான். அதனால் அந்தக் குடைகளுக்கு நடுவே நடக்கும்போது எனக்கு அந்நிய ஊர் என்ற நினைப்பே வராது. ஒரு அம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அடுத்த குடையின் தாளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்து, சின்ன நோட்டில் எண்ணைக் குறித்துக்கொண்டார். முகத்தைப் படமெடுக்காதீர்கள், தாளையும் எடுக்க வேண்டாம். அவர்கள் பிள்ளைகளின் விவரம் அது.

மாலையில் நாஞ்சிங் கிழக்குச் சாலை நடைவீதி வழியாக நேரே பண்ட் எனப்படும் ஆற்றங்கரைக்குப் போகலாம். வழியில் இளைஞர்கள் நல்ல ஆங்கிலத்தில் பேச்சுக்கொடுத்துத் தேநீர் குடிக்கக் கூப்பிட்டால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். உள்ளே போனால் கட்டணச் சீட்டு பல நூறு வெள்ளிக்கு வரும். பண்டில் எச்எஸ்பிசி கட்டடம் 1923, சுங்க மாளிகை 1927, பம்பாயிலிருந்து வளர்ந்த சசூன் குடும்பத்தின் பீஸ் ஹோட்டல் 1929. இதே தெருக்களில் ஒரு காலத்தில் சீக்கியக் காவலர்கள் போக்குவரத்தைக் கவனித்தார்கள். பிரிட்டிஷார் பஞ்சாபிலிருந்து கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

2014 டிசம்பர் 31 இரவு இங்கே நெரிசலில் 36 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதில் காவல்துறை மிகக் கண்டிப்பு. விழா நாட்களில் நாஞ்சிங் கிழக்குச் சாலை நிலையத்தில் ரயில் நிற்காமலே போகும். திரும்பும்போது யூயுவான் நிலையம் வரை நடந்துவிடுங்கள்.

ஞாயிறு காலை அதே யூயுவானிலிருந்து தொடங்குங்கள். மிங் காலத்து அதிகாரி ஒருவர் தன் அப்பா வயதான காலத்தில் நிம்மதியாக இருக்க 1559ல் தொடங்கிய தோட்டம் அது. தோட்டம் திறந்த உடனேயே போனால் பாறைகளுக்கும் குளத்துக்கும் நடுவே இடம் கிடைக்கும், பத்தரை மணிக்கு மேல் தோள் இடிக்காமல் நகர முடியாது. சுற்றியுள்ள கடைத்தெருவில் நேரம் கடத்த வேண்டாம், எல்லாம் சுற்றுலா விலை. சியாவ் தாவ்யுவான் பள்ளிவாசல் இங்கிருந்து நடக்கும் தூரம்தான்.

பிறகு ஆற்றைக் கடக்கப் படகில் போங்கள். சுற்றுலாக் கப்பலைச் சொல்லவில்லை, உள்ளூர்க்காரர்கள் ஸ்கூட்டரோடு ஏறும் சாதாரணப் படகு, 2 யுவான், நம் காசில் நாற்பது காசுகூட ஆகாது. சில நிமிடப் பயணம்தான், ஆனால் இரண்டு கரையையும் ஒரே பார்வையில் தருவது அது ஒன்றுதான்.

கிழக்குக் கரையில் 632 மீட்டர் ஷாங்ஹாய் கோபுரம். 118ஆவது மாடிக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் கீழே நின்று உச்சியைப் பாருங்கள். உச்சி மேகத்தில் மறைந்திருந்தால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். கரையோர நடைபாதைக்குக் கட்டணம் இல்லை, பொழுது சாய்ந்ததும் எதிர்க்கரையின் பழைய கட்டடங்களில் விளக்கு போடுவது இங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

சூஜோவ் போக ஆசையாக இருக்கும். வேக ரயிலில் அரை மணி நேரம்தான், 1994ல் நம் அரசு சேர்ந்து தொடங்கிய தொழில் பூங்காவும் அங்கேதான். ஆனாலும் இரண்டாவது வாரத்துக்கு வையுங்கள். ரயில் டிக்கெட்டுக்கு அசல் பாஸ்போர்ட் வேண்டும்.

திங்கட்கிழமை வேறு சீன ஊருக்கு உள்நாட்டு விமானம் பிடிப்பவர்கள் பவர் பேங்கைத் திருப்பிப் பாருங்கள். 2025 ஜூன் 28 முதல் சீனத் தரக்குறியான 3சி அச்சிடாத பவர் பேங்கை உள்நாட்டு விமானங்களில் ஏற்றுவதில்லை, சோதனை மேசையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சிம் லிம் ஸ்குவேரில் வாங்கியதில் அந்தக் குறி இல்லாமல் இருக்கலாம். இல்லையென்றால் ஞாயிறு மாலையே அங்கே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.